ரெகார்டில் நான் போட்ட ஜீரோ

மலருக்குக் கட்டுரை கேட்டு பேரவைச் செயலாளர் மூன்று தடவை ஹாஸ்டல் ரூமுக்கு வந்துவிட்டார். கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு அது வராது. அதனால் ஒரு ரீடிங்கைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்றாம் செமஸ்டர், எலெக்ட்ரானிக்ஸ் லேப், போட்டோ டையோடு எக்ஸ்பரிமென்ட். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் அட்டைப்பெட்டிக்குள் பல்பு, எதிரே டையோடு. பல்பைத் தள்ளித் தள்ளி வைத்து, மீட்டரில் எத்தனை மைக்ரோ ஆம்பியர் என்று குறிக்க வேண்டும். முதல் ரீடிங் பல்பை அணைத்துவிட்டு எடுப்பது. அப்போது முள் ஜீரோவில் நிற்க வேண்டும். எனக்கு 12-ல் நின்றது. சற்று நேரத்தில் 8. மறுபடி 12.

என் பார்ட்னர் சீனியர் ரெகார்டை விரித்து வைத்திருந்தான். "டேய், இதுல ஜீரோனு இருக்கு, ஜீரோவே போடு" என்றான். சாரிடம் காட்டினேன். "மீட்டர் பழசுப்பா. ஜீரோ போட்டு கிராஃப் வரைஞ்சுட்டு வா" என்றார். போட்டேன். பத்துக்குப் பத்து.

என் அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என் அட்மிஷன் ஃபாரத்துக்காகத்தான். வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கு "இல்ல சார், முள் ஆடுது" என்று இரண்டாவது தடவை சொல்லத் தைரியம் வராது. அச்சடித்ததும் மார்க் வாங்கியதும்தான் சரி, என் கண்ணில் பட்டது தப்பு என்றே நம்பினேன்.

போன வருடம் அப்பாவுக்குத் தோள்பட்டை எக்ஸ்ரே எடுக்கப் போனோம். அந்த மெஷினைப் பார்த்த ஆசையில் செமினாருக்கு 'எக்ஸ்ரே ட்யூப்' என்று தலைப்பு கொடுத்துவிட்டேன். பல ஆயிரம் வோல்ட்டில் எலெக்ட்ரானை விரட்டி டங்ஸ்டன் மேல் மோத விட்டால் எக்ஸ்ரே வரும், அவ்வளவுதான் என்று நினைத்துப் படிக்கப் போன இடத்தில் ஒரு வால்நட்சத்திரம் மாட்டியது.

பெயர் ஹியாகுடாகே. 1996 ஜனவரியில் யூஜி ஹியாகுடாகே என்ற ஜப்பானியர் பெரிய பைனாகுலர் ஒன்றை வைத்துக் கண்டுபிடித்தார். அவர் அமெச்சூர்தான். மார்ச் 25 அன்று அது பூமியிலிருந்து சுமார் ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. இரண்டு நாள் கழித்து ரோசாட் என்ற ஜெர்மன் எக்ஸ்ரே செயற்கைக்கோள் அதைப் பார்த்தது. பனியும் தூசியும் சேர்ந்த உருண்டை அது. அதிலிருந்து, எதிர்பார்த்ததைப் போல நூறு மடங்கு எக்ஸ்ரே! அதுவும் சூரியனைப் பார்த்த பக்கத்தில், பிறை மாதிரி.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கேட்டார்: "பனிக்கட்டிக்கு எவன்டா கரண்ட் குடுத்தான்?"

செமினாரில்கூட யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்கவில்லை. பதிலை 1997-ல் தாமஸ் கிரேவென்ஸ் என்ற விஞ்ஞானி சொன்னார். கொடுத்தது சூரியன். சூரியனிலிருந்து விநாடிக்கு 400 கிலோமீட்டர் வாக்கில் ஒரு காற்று எந்நேரமும் வீசுகிறது. பெரும்பாலும் புரோட்டானும் எலெக்ட்ரானும். கூடவே கொஞ்சம் ஆக்சிஜன், கார்பன். ஆக்சிஜனுக்கு 8 எலெக்ட்ரான் என்று பத்தாவதில் படித்தோம். சூரியனின் வெளி அடுக்குச் சூட்டில் அதில் ஆறு, ஏழு, சிலவற்றில் எட்டுமே உரிந்துபோகும். அப்படி உரிந்த அயனி வால்நட்சத்திரத்தின் நீராவி மூலக்கூறு பக்கமாகப் போகும்போது, அதனிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. ஓடுகிற டவுன் பஸ்ஸில் தொற்றுகிறவன் போல அந்த எலெக்ட்ரான் முதலில் ஃபுட்போர்டில், அதாவது வெளி மட்டத்தில்தான் தொங்கும். பிறகு உள்ளே இறங்கும். (பஸ்ஸில் உள்ளே போக நாம்தான் சக்தி செலவழிக்க வேண்டும். அணுவில் தலைகீழ்.) இறங்கும்போது விடுகிற சக்தி எக்ஸ்ரேயாக வருகிறது. ஆக்சிஜன் விடுவது 560, 650 எலெக்ட்ரான் வோல்ட் அளவில். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பல்லாயிரம். சார்ஜ் கை மாறுவதால் இதற்கு சார்ஜ் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். பனி சூடாகவே வேண்டாம்.

இதற்குப் பிறகு படித்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. 1990-91-ல் ரோசாட் வானம் முழுவதையும் எக்ஸ்ரேயில் படமெடுத்தபோது, சில சமயம் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வெளிச்சம் கூடிக் குறைந்தது. எங்கோ தூரத்து வாயு மண்டலம் அப்படி ஒரே நாளில் ஏறி இறங்காது. காரணம் புரியவில்லை. தேவையில்லாத கறை என்று அதைக் கழித்தார்கள். ஆனால் கழித்ததை மறைக்கவில்லை. 'நீண்ட நேர ஏற்றம்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து, இவ்வளவு கழித்தோம் என்று எழுதி வைத்தார்கள்.

நிலாவும் அப்படித்தான். 1990 ஜூனில் ரோசாட் எடுத்த படத்தில் நிலாவின் இருட்டுப் பக்கத்திலும் மங்கலாக எக்ஸ்ரே இருந்தது. சூரியக் காற்றின் எலெக்ட்ரான்கள் தரையில் மோதுவதால் இருக்கலாம் என்றார்கள். 2001-ல் சந்திரா தொலைநோக்கி (நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் பெயரைக் கொண்டதேதான்) பார்த்தபோது அந்த வெளிச்சத்தில் ஆக்சிஜனின் கோடுகள் தெரிந்தன. அது நிலாவிலிருந்து வரவில்லை. பூமியைச் சுற்றி வெகுதூரம் பரவியிருக்கும் மெல்லிய ஹைட்ரஜனோடு சூரியக் காற்று சார்ஜ் மாற்றிக்கொண்டதில் வந்தது. நிலாவுக்கும் கருவிக்கும் நடுவில், நம் வாசலிலேயே! ரோசாட்டின் அந்த ஏற்ற இறக்கத்துக்கும் இதே மாதிரி பக்கத்து வெளிச்சம்தான் காரணம் என்று தெரிந்தது. 2012 டிசம்பரில் ஒரு ராக்கெட் அனுப்பி அளந்து, 2014-ல் கணக்குச் சொன்னார்கள்: பால்வீதித் தளத்தின் திசையில் வரும் மிக மென்மையான எக்ஸ்ரேயில் ஏறக்குறைய 40 சதவீதம் சார்ஜ் எக்ஸ்சேஞ்ச். மீதிதான் உண்மையாகவே வெளியே இருக்கும் சூடான வாயு.

ரோசாட் 2011 அக்டோபர் 23-ல் வங்காள விரிகுடாவுக்கு மேலே விழுந்து முடிந்தது. நான் அப்போது ஒன்றாம் வகுப்புகூடச் சேரவில்லை.

செமினார் முடிந்த மறுநாள் மத்தியானம் லேபுக்குப் போய் அந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். ஜன்னல் பக்கத்து மூலை கிழிந்திருந்தது. பல்பை அணைத்தேன். முள் 10-ல் நின்றது. வெளியே மேகம் வந்து வெயில் மறைந்ததும் இறங்கியது. என் குடையை விரித்துக் கிழிசல் மேல் சாய்த்தேன். ஜீரோ. ஆக, மீட்டர் நல்ல மீட்டர். சீனியர் ரெகார்டில் இருந்த ஜீரோவும் சரியாக இருந்திருக்கலாம். நான் போட்ட ஜீரோதான் பொய்.

சென்ற மாதம் மூன்றாம் செமஸ்டர் தம்பி ஒருவன் ரூமுக்கு வந்தான். "அண்ணா, உங்க ரெகார்டுல எல்லா கிராஃபும் நீட்டா இருக்காம்ல, ஒரு நாள் குடுங்கண்ணா." கொடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பிரித்து, ஜீரோ பக்கத்தில் பென்சிலால் 12, 8, 12 என்று எழுதி, பெட்டியின் மூலையையும் படமாக வரைந்து கொடுத்தேன்.

அவன் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, இந்தப் பென்சிலை அழிச்சுட்டு காப்பி பண்ணிக்கட்டுமா?"

பெட்டி இடதுபுறம் மூன்றாவது பெஞ்சின் கீழே இருக்கிறது. இன்னும் யாரும் ஒட்டவில்லை. போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டு போங்கள்.