ஆச்சி வீட்டு டிவிடி!

உங்க வீட்லயும் பழைய டிவிடி பிளேயர் தூசி படிஞ்சு கிடக்குதா மக்களே? தூக்கிப் போட்டுடாதீங்க. முதல்ல என் கதையைக் கேளுங்க!

தாத்தா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. அவர் பேசுற வீடியோ எல்லாம் என் செல்போன்ல. ஆச்சிக்கோ செல்போன்னா பச்சை பட்டன் மட்டும்தான். ஆனா, டிவிடி ரிமோட் அத்துப்படி! 'இன்ஜினீயரிங் படிக்கிறோம்ல' என்ற கெத்தில், எம்.பி.4 ஃபைல்களை அப்படியே டிஸ்க்கில் காப்பி பண்ணிக் கொடுத்தேன். பிளேயர் துப்பிடுச்சு. ஆச்சி முகம் வாடிப்போச்சு.

அப்புறம்தான் உறைச்சது. பழைய பிளேயருக்குத் தெரிஞ்ச பாஷை எம்பெக்-2. நம்ம ஊர் 'பால்' முறைக்கு, அகலம் 720 பிக்சல், உயரம் 576, நொடிக்கு 25 ஃப்ரேம். 'டிவிடி ஸ்டைலர்' என்ற இலவச சாஃப்ட்வேர் இந்த மாற்றத்தை அதுவே செஞ்சுடும். 4.7 ஜிபி டிவிடி-ஆர் வாங்குங்க. பெரும்பாலான பிளேயர்கள் ஏத்துக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ரொம்பத் திணிச்சா, படம் கட்டம் கட்டமா உடையும். கடைசியில் 'ஃபைனலைஸ்' பண்ண மறக்காதீங்க. பேப்பர் ஸ்டிக்கர் வேண்டாம், மார்க்கர்ல எழுதுங்க. டிஸ்க் கீறும், அதனால ஒரிஜினல் ஃபைலை அழிச்சுடாதீங்க.

ரெண்டாவது டிஸ்க் ஓடுச்சு! திரையில் தாத்தா, "காபி எங்கே?"ன்னு சிடுசிடுத்தார். ஆச்சி சட்டுனு எழுந்து அடுப்படிப் பக்கம் ரெண்டு எட்டு வெச்சுட்டு, அப்படியே நின்னு சிரிச்சாங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சவங்க சொன்னது ஒண்ணுதான்...

"ஏலே, ரிமோட்டைக் குடு!"