கடைசிப் பத்து நிமிஷம்

உலகத்தில் மனிதர்களுக்கு எத்தனையோ விதமான பைத்தியங்கள் உண்டு. சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். சிலருக்குச் சீட்டாட்டப் பைத்தியம். எங்கள் பள்ளிக்கூடத்திலுள்ள சக உபாத்தியாயர் ஒருவருக்கு ஹோமியோபதிப் பைத்தியம். எனக்கு இருப்பது முடிவுப் பைத்தியம். ஸினிமாவானாலும் சரி, டெலிவிஷன் தொடரானாலும் சரி, அதன் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பார்க்காவிட்டால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. படம் ஆரம்பித்து அரைமணி கழித்துக் கொட்டகைக்குள் நுழைய நான் கொஞ்சமும் கூச்சப்படுவதில்லை. ஆனால் திரையில் பெயர்களெல்லாம் ஓடி மறைந்து, விளக்குப் போட்டு, கொட்டகைச் சிப்பந்தி துடைப்பமும் கையுமாக வந்து, "எழுந்திருங்கள், ஸார்!" என்று சொல்லும் வரையில் நாற்காலியை விட்டு அசையமாட்டேன். இதன் காரணமாக என் மனைவி என்னோடு படம் பார்க்க வருவதையே நிறுத்திக்கொண்டு விட்டாள்.

இந்த வியாதி எனக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பஸ்.

எங்கள் கிராமம் டவுனிலிருந்து ஏழு மைல் தூரம். என் தகப்பனார் டவுனில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதி வந்தார். மாதச் சம்பளம் கைக்கு வந்த முதல் சனிக்கிழமையன்று என்னை டவுனுக்கு வரவழைத்து, முதல் ஆட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போவார். முறுக்கு உண்டு, சோடா உண்டு, முடிவு மட்டும் கிடையாது. ஏனெனில் கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு. படமோ ஒன்பதரைக்கு முன் முடிவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. வில்லன் கதாநாயகியைத் தூணில் கட்டிப் போட்டுவிட்டுச் சிரிக்கிற சமயம் பார்த்து அப்பா எழுந்து, "வாடா, பஸ் போய்விடும்" என்பார். நான் திரையைப் பார்த்தபடியே பின்புறமாக நடந்து வெளியே வருவேன். அந்த இருட்டில் எத்தனை பேருடைய கால்களை மிதித்தேனோ, எத்தனை பேருடைய சாபத்தைச் சம்பாதித்துக் கொண்டேனோ, எனக்குத் தெரியாது.

பஸ் புறப்பட்டதும், "முடிவு என்ன, அப்பா?" என்று கேட்பேன். அவர் சொல்வார். கணக்குப் பேரேட்டில் ஒரு வார்த்தை கூட அதிகமாக எழுதாத மனிதர், படத்தின் முடிவைச் சொல்லும்போது மட்டும் மகா விஸ்தாரமாகச் சொல்வார். ஏழு மைல் போதாது. பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடக்கும்போதும் கதை நடந்துகொண்டேயிருக்கும். அவர் சொன்ன முடிவுகளில் ஒருவரும் செத்ததில்லை. பிரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். கெட்டவர்கள் கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கல்யாணச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.

பாலு மகேந்திரா 1982-ல் எடுத்த 'மூன்றாம் பிறை'யை எங்கள் டவுனில் சில வருஷங்களுக்குப் பிறகு மறுபடியும் திரையிட்டார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். விபத்தொன்றில் பழைய நினைவை இழந்து குழந்தையாகிவிட்ட பெண்ணாக ஸ்ரீதேவி. அவளைக் காப்பாற்றிக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கிற பள்ளிக்கூட வாத்தியாராகக் கமல்ஹாஸன். வைத்தியர் சிகிச்சை செய்து பெண்ணுக்கு நினைவு திரும்புகிற கட்டத்தில் அப்பா எழுந்துவிட்டார். அன்று பஸ்ஸில் அவர் சொன்ன முடிவு இது: ரயில் கிளம்பிவிட்டது, வாத்தியார் பிளாட்பாரத்தில் ஓடி வருகிறார், பெண் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள், இறங்கி ஓடி வருகிறாள்.

இதை நான் பத்து வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு நாள் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, சங்கிலி இழுக்கிற காட்சியை அபிநயத்துடன் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மாதக் காப்பிச் செலவு பந்தயமாக வைக்கப்பட்டது. அந்த மாதம் முழுதும் ஆறு பேருக்கு நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னால் போதுமல்லவா? படத்தில் அவள் அவனை அடையாளம் கண்டுகொள்வதேயில்லை. மழையில் நனைந்து, அடிபட்டு, இருவரும் முன்பு விளையாடிய குரங்கு வித்தையெல்லாம் செய்து காட்டுகிறான் அவன். யாரோ பிச்சைக்காரன் என்று எண்ணிச் சோற்றுப் பொட்டலத்தை வீசிவிட்டுப் போகிறாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊருக்குப் போனதும், "ஏன் அப்பா என்னிடம் பொய் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே, "பொய் என்ன, பொய்? உன்னோடு நானும் பஸ்ஸில்தானே வந்தேன்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் ஒரு படத்துக்காவது முடிவைப் பார்த்தவரில்லை!

அதன் பிறகு, தேசம், பாஷை என்ற வித்தியாசமின்றி முடிவுகளைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்க டெலிவிஷனில் ஆதி காலத்தில் தொடர்கள் பெரும்பாலும் முடிவதில்லை. வியாபாரம் குறைந்தால் நின்றுபோகும், அவ்வளவுதான். மனைவியைக் கொன்றதாக அநியாயமாய்த் தண்டிக்கப்பட்ட டாக்டர் ஒருவர் தப்பி ஓடி, நிஜக் கொலைகாரனான ஒற்றைக் கையனைத் தேடும் 'தி ப்யூஜிடிவ்' என்ற தொடர் 1963-ல் ஆரம்பமாயிற்று. 120 பகுதிகள் ஓடியபின், 1967-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி அவர் நிரபராதி என்று ருசுவாயிற்று. அந்த நேரத்தில் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் அதைத்தான் பார்த்தார்களாம். முடிவுப் பைத்தியம் எனக்கு மட்டும் சொந்தமல்ல என்று அறிந்து மிகவும் ஆறுதலடைந்தேன்.

ஆனால் எல்லா முடிவுகளுக்கும் மகுடம் 'மாஷ்' தொடரின் முடிவுதான் என்பது என் அபிப்பிராயம். கொரியா யுத்தம் நடந்தது மூன்று வருஷம்; அந்த யுத்தகளத்து ஆஸ்பத்திரியைப் பற்றிய தொடர் ஓடியதோ, 1972 முதல் பதினொரு வருஷம்! 1983 பிப்ரவரி 28-ந் தேதி ஒளிபரப்பான கடைசிப் பகுதி இரண்டரை மணி நேரம். பத்துக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் பார்த்தார்கள். பிரதான வேடம் தாங்கிய ஆலன் ஆல்டாவே அதை டைரக்ட் செய்தார். பதினொரு வருஷமாக வாய் ஓயாமல் வேடிக்கை பேசிய டாக்டர் அதில் சித்தம் கலங்கிப்போய் இருக்கிறார். எதிரிகளுக்குப் பயந்து ஒரு பஸ்ஸில் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் ஒளிந்திருந்தபோது, ஒரு பெண்பிள்ளை தன் கோழி கத்தாமலிருக்க அதன் கழுத்தை நெரித்துவிட்டாள் என்று சொல்கிறார். மனோதத்துவ வைத்தியர் மெள்ள மெள்ளக் கேட்கக் கேட்க, அது கோழியல்ல என்று தெரியவருகிறது. அது அவளுடைய குழந்தை. இதை முதல் முறை பார்த்தபோது நான் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த என் பெண்ணின் போர்வையைச் சரி செய்துவிட்டு வந்தேன். மனிதனுடைய மனம் தாங்க முடியாததற்கு வேறு முடிவு எழுதிக்கொள்கிறது என்ற விஷயம் அன்று எனக்குச் சற்றே புரிந்தாற் போலிருந்தது.

ஆங்கிலேயர்களுடைய 'ப்ளாக் ஆடர்' வரிசையில் கடைசித் தொடரும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். முதல் உலக யுத்தத்துப் பதுங்கு குழியில் ஆறு வாரம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, 1989 நவம்பர் 2-ந் தேதி அத்தனை கோமாளிகளையும் குழியை விட்டு மேலே ஏற்றிக் குண்டு மாரிக்குள் அனுப்பிவிட்டார்கள். எடுத்த காட்சி சரியாக அமையவில்லையாம். அதை மிக மெதுவாக ஓடவிட்டு, சேற்று நிலத்தைக் கசகசாப் பூக்கள் பூத்த வயலாகக் கரைந்து மாறச் செய்தார்கள். சரியாக அமைந்திருந்தால் இவ்வளவு நன்றாயிருந்திராது.

'கேம் ஆப் த்ரோன்ஸ்' பற்றி என்னைக் கேட்காதீர்கள். 2019-ல் அதன் கடைசிப் பருவத்தை மறுபடியும் எடுத்துத் தரவேண்டும் என்று பத்து லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. போட்டால் மட்டும் திரும்ப எடுத்துவிடப் போகிறார்களா?

'ஸொப்ரானோஸ்' கதை வேறு. 2007 ஜூன் 10-ந் தேதி, ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்த குண்டர் தலைவன் நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறான். உடனே திரை கறுத்துவிடுகிறது. பாட்டும் பாதியில் அறுந்துவிடுகிறது. தங்கள் வீட்டுக் கேபிள்தான் போய்விட்டது என்று அமெரிக்காவில் அநேகர் எண்ணிக்கொண்டார்கள். என் சிநேகிதர்கள் இதை அபூர்வமான கலை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கோ ஒன்பதே கால் பஸ் ஞாபகந்தான் வந்தது. இந்தக் கலையை மாதம் ஒரு முறை அநுபவித்து வளர்ந்தவன் அல்லவா நான்?

அப்பாவுக்கு இப்போது எண்பது வயது. எங்களோடுதான் இருக்கிறார். போன தை மாதத்தில் ஒரு நாள், சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வீட்டில் போட்டேன். 1931-ல் வெளியான படம். ஊரெல்லாம் பேசும் படம் வந்த பிறகு பிடிவாதமாகப் பேசாப் படமாகவே அதை எடுத்தார் சாப்ளின். குருட்டுப் பூக்காரி நாடோடியைப் பணக்காரன் என்று தவறாக நினைக்கிற ஒரு சிறு காட்சியை முந்நூறு தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப எடுத்தாராம். பேச்சில்லாத படமாகையால் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதது ஒரு குறையாகத் தோன்றவில்லை. இடையிடையே வருகிற எழுத்துக்களை என் பெண் தமிழில் சொல்லி வந்தாள். அவளுக்குப் பத்து வயது.

அவளுடைய கண் சிகிச்சைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நாடோடி ஜெயிலுக்குப் போகிறான். அந்த இடத்தில் அப்பா மெதுவாக எழுந்தார்.

"எங்கே, அப்பா?"

"தூக்கம் வருகிறது."

"உட்காருங்கள். கடைசி பஸ்ஸை நிறுத்தி இருபது வருஷமாகிறது."

உட்கார்ந்தார். ஜெயிலிலிருந்து கந்தலுடன் வருகிறான் நாடோடி. பூக்காரிக்குப் பார்வை வந்துவிட்டது. சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். தெருப் பையன்கள் அவனைச் சீண்டுவதைப் பார்த்து அவளும் சிரிக்கிறாள். பிறகு இரக்கப்பட்டு ஒரு பூவும் காசும் கொடுக்க வருகிறாள். காசை அவன் உள்ளங்கையில் வைக்கும்போது விரல்களுக்கு அந்தக் கை தெரிந்துவிடுகிறது. அவன் முகம், அவள் முகம், மறுபடி அவன் முகம். அதோடு சரி, படம் முடிந்துவிடுகிறது.

சோற்றுப் பொட்டலத்தை வீசிய கையையும் இந்தக் கையையும் பற்றி அப்பாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான், அப்பா."

"அவள் அவனை வைத்துக்கொண்டாளா, இல்லையா?"

"படத்தில் அது இல்லை."

"இதற்கா இத்தனை நேரம் உட்கார வைத்தாய்?" என்று முனகினார்.

என் பெண் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் சொல்லுங்கள், தாத்தா. அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள். நான் விளக்கைப் போடுவதற்கு எழுந்தவன், போடாமல் நின்றேன்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பூக்கடையென்றால் லேசான காரியமா? தினம் கொள்முதல், வரவு, செலவு, பற்று எல்லாம் இருக்கிறதே? அந்தப் பெண்ணுக்குக் கணக்கு எழுத ஓர் ஆள் தேவையாயிருந்தது..." என்று ஆரம்பித்தார்.