தூசு எங்கே போகிறது?

தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. கிராமபோன் தட்டுகளைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. பழைய வேக்கம் கிளீனர் சேர்க்கும் மனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அந்த மனிதன். ஜார்ஜ் டவுனில் மின்சாதனம் பழுது பார்த்து நாற்பது ஆண்டு பிழைத்தவன். இன்று என் வீட்டுப் பின்கட்டில் ஒன்பது இயந்திரங்கள் வரிசையாக இருக்கின்றன. "பழைய இரும்புக்காரன் வந்தால் கூப்பிடட்டுமா?" என்று என் மனைவி கேட்காத வாரமில்லை.

இந்த ஊரில் இவை கிடைப்பதில் வியப்பில்லை. பினாங்கு நெடுங்காலம் வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. அந்தத் தகுதி 1969-இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை இங்கிலீஷ் சாமான், சுவீடன் சாமான், ஜப்பான் சாமான் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. பெரிய பங்களாக்கள் காலியானபோது அவை பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையில் போய்ப் பாருங்கள். தரையில் விரித்த சாக்கின் மேல் இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, கடிகாரம் இவற்றோடு எப்போதாவது ஒரு வேக்கம் கிளீனரும் குழாயைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும். முப்பது, நாற்பது வெள்ளிக்குப் பேசி முடித்துவிடலாம்.

நான் சேர்ப்பது கையில் தூக்கிப் போகும் வகையை மட்டுமே. உடம்பு வேறு, குழாய் வேறாக இருப்பது. இதில் மூத்த குடும்பம் சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸ். 1921-இல் அவர்கள் 'மாடல் வி' என்ற ஒன்றைக் கொண்டு வந்தார்கள். நீட்டிப் படுத்த உருளை. அடியில் பனிச்சறுக்கு வண்டிக்கு இருப்பதுபோல் இரண்டு உலோகக் கால்கள். இழுத்தால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். பிற்காலத்தில் எத்தனையோ கம்பெனிகள் அந்த அமைப்பைப் பின்பற்றின.

இன்னொன்று ஹூவர் 'கான்ஸ்டலேஷன்'. 1952-இல் அமெரிக்காவில் வெளிவந்தது, பந்துபோல் உருண்டை. சில ஆண்டுகளில் ஒரு வேடிக்கை சேர்த்தார்கள். பின்னால் வெளியேறும் காற்றை அடிப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். சக்கரமே இல்லாமல் அந்தக் காற்றின் மேலேயே அது மிதந்து நகரும்! பேரப்பிள்ளைகள் வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். மூன்றாவது குடும்பம் ஜப்பான் இயந்திரங்கள். பிளாஸ்டிக் உடம்பு, குறைந்த எடை.

எது நல்லது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் சோதித்துப் பார்க்கிறேன். என் சோதனை மூன்று. முதலாவது, ஒரு கம்பளத் துண்டில் 100 கிராம் மெல்லிய மணலைத் தூவி, பத்து முறை இழுத்து, பையில் எவ்வளவு சேர்ந்தது என்று நிறுத்துப் பார்ப்பது. இரண்டாவது, திருகாணியைக் கழற்றினால் உள்ளே கை போகிறதா, மோட்டாரின் கரித்துண்டை மாற்ற முடிகிறதா என்று பார்ப்பது. இந்த இரண்டிலும் பழைய உலோக இயந்திரங்கள் இன்றைக்கும் மார்தட்டி நிற்கின்றன.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். காற்று வெளியேறும் வாயில் ஈரமான வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டுவேன். அடுப்புச் சாம்பலை உறிஞ்ச வைத்துப் பாருங்கள், துணி கறுத்துவிடும்! துணிப்பை வைத்த பழைய இயந்திரங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். பெரிய மணலைத் துணிப்பை பிடித்துக்கொள்ளும்; மாவு போன்ற தூசு நெசவின் கண் வழியே வெளியே வந்துவிடும். பிறகு வந்த காகிதப்பை மேல். இக்காலத்து நுண்வடிகட்டி அதனினும் மேல். அதாவது அந்தக் காலத்து இயந்திரம் கண்ணுக்குத் தெரிந்த குப்பையை எடுத்து, தெரியாத தூசை அறைக்குள்ளேயே ஊதிக்கொண்டிருந்தது. அது யார் மூக்கில் ஏறியது?

என் தாயார் நினைவு வருகிறது. செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டினார்; அம்மா துரை பங்களாவில் ஆயா வேலை. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு; பங்களாவிலோ எஞ்சின் மின்சாரமும் வேக்கம் கிளீனரும். "நம்ம ஆயாவுக்கென்ன, விளக்குமாற்றையே தொட வேண்டாம்" என்று லயத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஆனால், அந்தப் பையை யார் கொட்டுவது? முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, பின்வாசல் படியில் பையைத் தலைகீழாகத் தட்டுவது அம்மாதான். சாம்பல் நிற மேகம் ஒன்று எழும்பும். இரவெல்லாம் இருமுவார். கூடம் பளபளத்தது, கம்பளத்திலிருந்த தூசு அம்மாவின் நெஞ்சுக்கு இடம் மாறியது. அவ்வளவுதான்!

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் கேண்டன் நகரில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர் என்பவர் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தார். அவருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது கிளம்பும் தூசு அவர் உயிரை வாங்கியது. மின்விசிறி மோட்டார் ஒன்று, துடைப்பக் கழி ஒன்று, தலையணை உறை ஒன்று இவற்றை இணைத்துத் தமக்கென்று ஒரு கருவி செய்துகொண்டார். 1908-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதை விலைக்கு வாங்கியவர் பெயர்தான் ஹூவர். உலகமெங்கும் ஓடிய அந்தக் கருவி எதற்காகப் பிறந்தது? பெருக்குகிறவனின் மூச்சைக் காப்பாற்ற! ஆனால் பங்களாக்களுக்கு வந்தபோது, கம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் பெருக்குகிறவளின் மூச்சை மறந்துவிட்டார்கள்.

காலம் மாறிவிட்டது, உண்மைதான். பை இல்லாத வேக்கம் கிளீனரால் பேர் பெற்ற டைசன் நிறுவனம் 2002-இல் தன் உற்பத்தியை இங்கிலாந்திலிருந்து நம் மலேசியாவுக்கே கொண்டு வந்தது. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போன தலைமுறை நம்முடையது. பங்களாவில் பார்த்து மலைத்த பொருளை நம் நாட்டுத் தொழிலாளர் கைகளே செய்கின்றன. ஆனாலும் இன்றும் எத்தனையோ தாய்மார்கள் அலுவலகங்களிலும் ஹோட்டல்களிலும் துப்புரவு வேலை செய்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தாய்மார்களே, பையையோ குப்பைப் பெட்டியையோ வீட்டுக்குள் கொட்டாதீர்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஈரக் காகிதத்தின் மேல் மெதுவாகக் கொட்டி மடித்துவிடுங்கள். மூக்குக்கு முந்தானை போதாது, முகக்கவசம் கேளுங்கள். கேட்பது உரிமை, சலுகையல்ல.

என்னைப்போல் பழையதை வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வாங்கிய கையோடு பிளக்கில் செருகிவிடாதீர்கள். பழைய ரப்பர் வயர் காய்ந்து வெடித்திருக்கும்; உலோக உடம்பில் மின்சாரம் பாயலாம். அமெரிக்கச் சாமானாக இருந்தால் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் புகைந்துவிடும். தெரிந்த மின்பணியாளரிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள்.

எந்த இயந்திரமும் தூசை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புகிறது. அந்த இன்னோரிடம் ஒரு மனிதரின் நெஞ்சாக இருக்கக் கூடாது. பார்க்க அழகான இயந்திரங்கள் என்னிடம் பல உண்டு. அவற்றில் எது உயர்ந்தது என்று கேட்டால், வெள்ளைத் துணியைக் குறைவாகக் கறுப்பாக்கிய ஒன்றைத்தான் காட்டுவேன்.