பழி சுமந்த சொல்

பிறரை ஏமாற்றிப் பொருள் கவர்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் 'சீட்' என்பது ஒன்று. தேர்வில் அயலான் விடையைப் பார்த்து எழுதுவோனையும், ஆட்டத்தில் முறை தவறுவோனையும், எடை குறைத்து விற்கும் வணிகனையும் அச்சொல்லாலேயே சுட்டுவர். ஒலி ஒத்திருத்தல் கருதி நம் 'சீட்டு' என்னும் சொல்லோடு அதனை உறவுபடுத்திவிடலாகாது. அதன் குடிவழி வேறு.

'எஸ்சீட்' என்னும் சட்டச்சொல்லே அதன் தாய். 'தன்பால் வந்து விழுவது' என்பது அடிப்பொருள். இலத்தீனில் தோன்றிப் பிரெஞ்சு வழியே அது இங்கிலாந்தை அடைந்தது. இடைக்காலத்தே அந்நாட்டு நிலமெல்லாம் முடிவில் அரசனுக்கே உரியது என்பது கொள்கை. நிலம் பெற்றவன் வாரிசின்றி இறப்பின், அந்நிலம் அதனை அளித்த தலைவனிடமோ அரசனிடமோ மீளும். அரசனுக்கு மீள்வனவற்றை ஆராய்ந்து கைக்கொள்ள 'எஸ்சீட்டர்' என்னும் அலுவலர் இருந்தனர்.

உரிமையாளர் உளரா என விசாரித்து அறிவது அவர்தம் கடமை. ஆயினும், உரியவர் இருக்கவே நிலத்தைப் பற்றிக்கொண்டோரும் அவருள் இருந்தனர். கணவனை இழந்தவளும், அறியாச் சிறுவனும், அரசன் ஆணையைக் கையில் ஏந்தி வருபவனை எங்ஙனம் எதிர்ப்பர்? வேறொன்றும் செய்ய மாட்டாத மக்கள், அப்பதவியின் பெயரையே வஞ்சகனுக்குப் பெயராக்கிவிட்டனர் என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலசை தேய்ந்து 'சீட்டர்' ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஏமாற்றுவோன் என்னும் பொருள் வேரூன்றிவிட்டது. ஷேக்ஸ்பியர் தம் 'மெர்ரி வைவ்ஸ் ஆப் விண்ட்சர்' நாடகத்தில், பால்ஸ்டாப் என்பானின் வாயில் இச்சொல்லை வைத்து, இரு பொருளும் தோன்றச் சிலேடை செய்திருக்கிறார். சிலேடை நமக்கே உரியது என்று எண்ணுவோர் இதனை நோக்குக!

களவுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கள்வன் உடையவன் இசைவின்றி எடுக்கிறான். இவனோ பொய்யை நம்பச் செய்து, உடையவன் கையாலேயே கொடுக்கச் செய்கிறான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 415ஆம் பிரிவில் இக்குற்றத்தை வரையறுத்தது. அதன் 420ஆம் பிரிவின் எண்ணே ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது! 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 318ஆம் பிரிவு. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

மகள் இங்ஙனம் கெட்டாளாயினும் தாய் கெடவில்லை. நம் அரசியலமைப்பின் 296ஆம் பிரிவில் 'எஸ்சீட்' தன் பழம்பொருளிலேயே நிற்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வாரிசின்றி இறந்தோன் சொத்தை அரசுக்கே அளிக்கிறது. ஆனால் அவன் விட்டுச்சென்ற கடன், பொறுப்பு ஆகியவற்றிற்கு உட்பட்டே அரசு அதனைப் பெறுதல் வேண்டும்.