வேரழுகலும் வேப்பம் புண்ணாக்கும்

நான் தாவரவியல் முதுகலை மாணவன் என்றதும் பெங்களூர்த் தமிழன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: வேப்பஞ்சாறு தெளித்தால் காடு பிழைக்குமா? பிழைக்காது என்பதே என் விடை.

வேரழுகலைத் தரும் கானோடெர்மாப் பூசணம், மண்ணுக்குள்ளே வேரும் வேரும் தொடும் இடத்தில் மரம்விட்டு மரம் தாவுவது. ஆய்வகத் தட்டில் வேப்பஞ்சாறு அதனை ஒருவாறு அடக்குகிறது, கண்டு மகிழ்ந்திருக்கிறேன். காட்டு மண்ணிலோ அச்சாற்றின் வீரியத்தை நுண்ணுயிர்கள் விரைவில் தின்றுவிடுகின்றன. நாற்றங்கால் வேறு, பையளவு மண்தானே! மல்லேசுவரத்து மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஆராயும் சந்தனமோ, துணைச்செடியின் வேரைப் பற்றி வாழ்வது. அதன் நாற்றங்காலில் இரண்டு வேர்களைக் காக்கவேண்டும். வேப்பம் புண்ணாக்குக்கு வேலை உண்டு.

இங்கிலாந்தின் பைன் காடுகளில் வேறொரு வேரழுகல். அங்கே ரிஷ்பெத் என்னும் அறிஞர், வெட்டிய அடிக்கட்டைகளில் தீங்கற்ற பூசணத்தைக் குடியேற்றி நோயைத் தடுக்கும் வழியை 1963இல் எழுதினார். கட்டைதான் நோயின் வாசல் என்று கண்டாரன்றோ!

எங்கள் பக்கத்துத் தென்னைக்கு வந்த கானோடெர்மா நோய்க்குத் 'தஞ்சாவூர் வாடல்' என்றே பெயர். 1952 புயலுக்குப் பின் தெரிந்தது. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடச்சொல்வார்கள். 2018இல் கஜா புயல் எங்கள் தோப்பைச் சாய்த்தது. கட்டைகளுக்கிடையேதான் புதுக்கன்று வைத்திருக்கிறோம். புண்ணாக்கு வாங்கப் பணம் அனுப்பட்டுமா என்றேன். "முதல்ல கட்டையைத் தோண்ட ஆள் கூலிக்கு அனுப்பு தம்பி" என்றார் அப்பா. இம்மாத உதவித்தொகை அதற்குப் போயிற்று.