திருப்பித் தரவேண்டிய பொருள்

நான்கு வருஷமாக என் கைக்கடிகாரம் ஒரு சாம்பல் நிற நைலான் வாரில்தான் கிடக்கிறது. தோல் வார் சென்னை வியர்வைக்கு ஆறு மாசத்தில் நாறிப்போகும். நைலானை ராத்திரி சோப்புப் போட்டுக் கசக்கி உலர்த்தினால் காலையில் பாங்குக்குத் தயார். சௌகரியத்துக்கு வாங்கியது, வேறு நோக்கமில்லை. ஆனால் விமர்சனம் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்காமல் விடமாட்டான்.

இந்த வாரின் மூலம் ஒரு சர்க்கார் தஸ்தாவேஜு. 1973 நவம்பரில் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட 66-15 என்ற தர நிர்ணயத்தில் இதன் பெயர் 'வார், கைக்கடிகாரம்'. பொருள் முதலில், அடைமொழி பிறகு. கிடங்குப் பேரேட்டின் இலக்கணம் அது. அகலம் 20 மில்லிமீட்டர். கடற்படைச் சாம்பல் நிறம். பக்கிள், குரோமியம் பூசிய பித்தளை. சிப்பாய்க்கு இது வேண்டுமென்றால் ஜி 1098 என்ற படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். அதனால் ஜி 10 என்றே பெயர் நிலைத்தது. 'நேட்டோ வார்' என்று இன்று எல்லோரும் சொல்வது கிடங்கு எண்ணிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் ராணுவக் கடிகாரங்கள் பலவற்றில் வார் கோக்கும் கம்பிகளைக் கழற்ற முடியாது. கூட்டோடு சேர்த்தே பொருத்திவிடுவார்கள். ஆகவே வார் ஒரே நீளத் துண்டாக இரண்டு கம்பிகளுக்குள்ளும் நுழைந்து கடிகாரத்தின் அடியில் ஓட வேண்டியிருக்கிறது. கூடவே ஒரு குட்டித் துண்டு உண்டு. கடிகாரம் வாரின் நீளத்துக்கு வழுக்கி ஓடாமல் ஓரிடத்தில் நிறுத்துவது அதுதான். கழற்றக்கூடிய ஸ்பிரிங் கம்பி உள்ள சாதாரணக் கடிகாரத்தில் இதைப் போட்டால், ஒரு கம்பி தெறித்துப் போனாலும் மற்றது கடிகாரத்தைத் தாங்கிக்கொள்ளும். இவ்வளவு யோசனையும் யாருக்காக? மணிக்கட்டுக்காக அல்ல. கடிகாரம் சர்க்கார் சொத்து, அது தொலையக்கூடாது. அவ்வளவுதான்.

இந்த மனோபாவம் 1973-ல் திடீரென்று முளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945-ல், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 12 ஸ்விஸ் கம்பெனிகள் ஒரே விவரக் குறிப்பின்படி கடிகாரம் செய்து கொடுத்தன. ஒமேகா, லாஞ்சின்ஸ், சைமா, வெர்டெக்ஸ், கிரானா என்று பெயர்கள் வேறு. கறுப்பு முகமும் இருட்டில் ஒளிரும் முட்களும் எல்லாவற்றுக்கும் பொது. சிப்பாய்க்கு எது வந்தாலும் ஒன்றுதான். கிரானா செய்தது மிகக் கொஞ்சம். அதனாலேயே சேகரிப்பாளர்கள் இன்று அதற்கு அலைகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக இருக்கட்டும் என்று செய்த பொருளில் அபூர்வம் தேடுகிறார்கள்.

இவற்றின் முகத்தில் ஓர் அகன்ற அம்புக்குறி இருக்கும். பிரிட்டிஷ் சர்க்கார் தன் உடைமைகள்மேல் போடும் முத்திரை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கைதிகளின் சட்டையிலும் அதே அம்புதான். கடிகாரமானாலும் கைதியானாலும் அதற்கு ஒரே அர்த்தம்: இது உன்னுடையதல்ல.

இப்போது அந்த அம்புக்குறி அழகாகிவிட்டது. 'பாரம்பரியம்' என்று சொல்லி விற்கிறார்கள். 1964-ல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் ஷான் கானரியின் ரோலெக்ஸில் கோடு போட்ட நைலான் வார் ஒன்று தெரிகிறது. கூட்டின் அகலத்துக்குப் போதாமல் இரு பக்கமும் கம்பி தெரிய நிற்கிறது. தர நிர்ணயம் வருவதற்கு ஒன்பது வருஷம் முந்திய அதையும் சேர்த்து 'நேட்டோ' என்கிறார்கள். பொருத்தமில்லாத அந்த வார்தான் பாணிக்கே மூலபுருஷன் ஆயிற்று. பிறகு ஒமேகா போன்ற கம்பெனிகளே தங்கள் பெயரில் இந்த வாரைப் பெரிய விலைக்கு விற்க ஆரம்பித்தன.

எங்கள் பாங்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் ராணுவத்திலிருந்து வந்தவர். ஒரு நாள் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதையா சார் காசு குடுத்து வாங்கினீங்க?"

"ஏன் அண்ணே, பட்டாளத்தில் சும்மா கொடுப்பார்களா?"

"சும்மாதான் குடுப்பாங்க. ஆனா நம்மளது இல்ல சார். கையெழுத்துப் போட்டு வாங்கணும், கையெழுத்துப் போட்டுத் திருப்பணும். தொலைச்சா சம்பளத்துல புடிச்சுருவாங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வழக்கத்தைச் சொன்னார். வாங்கியது திருப்புவதற்கு என்றால் அதற்கு வாரிசு ஏது? பாரம்பரியம் என்ற சொல் இந்த வாருக்குப் பொருந்தாதது அதனால்தான். நிறத்தையும் நெசவையும் குட்டித் துண்டையும் கடையில் வாங்கிவிடலாம். யாரிடமோ கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற நிலையை வாங்க முடியாது. இந்த வாரின் எளிமை அந்த நிலையிலிருந்து வந்தது.

நம் கவிதையிலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அலங்காரம் வேண்டாம் என்று முதலில் எழுதியவர்களுக்கு ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. கண்டதற்கு மேல் ஒரு சொல் போட்டாலும் கணக்கு இடிக்கும் என்ற பயம் அவர்களுக்கு. அடுத்து வந்தவர்கள் பயத்தை விட்டுவிட்டுச் சாம்பல் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வரி சின்னதாக இருக்கிறது, உவமை இல்லை, குரல் தாழ்ந்திருக்கிறது. எதைத் தொலைத்துவிடாமல் இருக்க இவ்வளவு சிக்கனம் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. அலங்காரமின்மையும் ஓர் அலங்காரமாகி மணிக்கட்டில் ஏறிவிட்டது.

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இது எளிதில் புரியும். நாள் முழுக்க எண்ணுவது பிறத்தியார் பணம். சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தக் கூட்டலில் நடை, பாணி என்று எதுவும் இருப்பதில்லை. சரியாக இருக்கிறது, அல்லது இல்லை.