அசையும் எழுத்து

கர்நாடகத்தின் தென்பகுதியில் உள்ள கௌதள்ளி போன்ற ஊர்களில் கன்னடமே பள்ளியின் மொழி. கடைவீதியின் மொழியும் அதுவே. தமிழ்க் குடும்பங்களில் தமிழ் பேச்சில் வாழ்கிறது. எழுத்தில் மெல்லத் தேய்கிறது. அத்தகைய வீட்டுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். ஊரிலிருக்கும் பாட்டியோடு தொலைபேசியில் இனிக்க இனிக்கப் பேசுவான். அவர் எழுதிய கடிதத்தைக் கொடுத்தாலோ விழிப்பான்.

அவனுக்கு மிகுந்த தொல்லை தருவது ழகரம். பழங்கன்னடத்தில் இருந்த அவ்வெழுத்து இன்றைய கன்னடத்தில் வழக்கொழிந்துவிட்டது. அச்சு நூலிலோ ழகரம் முழு வடிவில் அசையாமல் நிற்கிறது. எங்கே தொடங்குவது, எப்பக்கம் வளைப்பது என்பதை அது காட்டுவதில்லை. கைபிடித்து எழுதிக் காட்டப் பாட்டியும் அருகில் இல்லை.

இக்குறையை அவனுடைய அக்காள் தீர்க்க இயலும். வேண்டியவை ஒரு கணினியும் கிம்ப் என்னும் வரைகலை மென்பொருளும். 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய பணி அது. எவரும் விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

சிறிது சிறிதாக மாறும் படங்களை விரைந்து காட்டினால் கண் அவற்றை ஓர் இயக்கமாகக் கொள்ளும். தாதாசாகேப் பால்கே, 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' படத்தை வெளியிடும் முன்பே, பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைச் சிறுகச் சிறுகப் படம்பிடித்துக் காட்டியே பொருளுதவி பெற்றார். அம்முறையே இங்கும் பயன்படும்.

அக்காள் முதலில் ழகரத்தைத் தாளில் பலமுறை எழுதித் தன் கை செல்லும் வழியை உற்றுநோக்க வேண்டும். வழி பிழைத்தால் தம்பியும் பிழையாகவே கற்பான். பின்னர்க் கிம்ப்பில் வெண்ணிற அடுக்கு ஒன்றை அடியில் அமைக்க வேண்டும். அடியிலுள்ள அடுக்கே முதலில் தோன்றும். அதன்மேல் ஒளிபுகும் அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் கோட்டின் அடுத்த சிறு பகுதியை மட்டும் வரைய வேண்டும். கடைசி அடுக்கை நான்கு முறை படியெடுத்தால், முடிந்த எழுத்து சற்றே நிலைத்து நிற்கும்.

ஓட்டிப் பார்த்து நிறைவடைந்தபின், அசைவூட்டமாக ஜிஃப் வடிவில் ஏற்றுமதி செய்யலாம். ஒரு படத்திற்கு 300 மில்லிநொடி போதும். முந்திய படத்தின்மேல் அடுத்தது சேருமாறு அமைப்பது இன்றியமையாதது. 1987இல் தோன்றிய ஜிஃப் ஒரு படத்தில் 256 வண்ணங்களையே ஏற்கும். கறுப்பு எழுத்துக்கு அதுவே மிகுதி. திருத்தம் செய்ய ஏதுவாகக் கிம்ப்பின் மூலக் கோப்பையும் தனியே சேமிக்க வேண்டும்.

திரையில் ழகரம் சலிக்காமல் மீண்டும் மீண்டும் எழுதப்படும். தம்பியின் விரல் அதனோடு செல்லும். சில நாள்களில் பாட்டியின் கடிதத்தை விரிப்பான். 'குழந்தைக்கு' என்னும் சொல்லின் நடுவே அவ்விரல் தானாக நிற்கும்.